இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகப் பகுதியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் மேசை மீது இரண்டு கணினிகள் இருந்தன. இடப்பக்கம் இருந்தது கிடங்கினுடையது. கப்பலிலிருந்து இறங்கிய கண்டெய்னர்களில் எது யாருடையது, உள்ளே என்ன சரக்கு என்பதெல்லாம் அதில் தெரியும். வலப்பக்கம் இருந்தது லோரிப் பிரிவினுடையது. எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எந்த வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்ற சீட்டு அதிலிருந்துதான் அச்சாகி வரும்.

இரண்டையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கம்பெனிகளிடம் வாங்கியிருந்தார்கள். ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. அதனால் நடுவே ஒரு சுழல் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். இடப்பக்கம் பார்க்க வேண்டும், வலப்பக்கம் தட்ட வேண்டும். ஒரு கண்டெய்னர் என்றால் நான்கு எழுத்து, ஏழு எண். அடுத்தது. மறுபடியும் நான்கு எழுத்து, ஏழு எண். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை அதுதான் என் வேலை.

சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்ந்தேன். வீடு பக்கத்திலேயே, பண்டமாரானில். அப்பா துறைமுகத்தில் பளு தூக்கி இயந்திரம் ஓட்டியவர். முதுகில் அடிபட்ட பிறகு வீட்டோடு இருந்தார். அம்மா, ஒரு தங்கை. இவ்வளவுதான் குடும்பம்.

கணினிகள் சூடாகக் கூடாது என்பதற்காக என் அறையில் ஏர்கான் எப்போதும் ஓடும். ஜன்னல் கிடையாது. வெளியே லோரிகள் வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கதவில் ஒரு சிறிய கண்ணாடிச் சதுரம் இருந்தது. சீட்டு வாங்க வரும் ஓட்டுநர்களின் முகம் அதில் வந்து நிற்கும். சாப்பாட்டு நேரத்தில்கூட யாராவது தட்டுவார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டேன்.

வெறும் பார்த்து எழுதும் வேலை என்றால் யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்திருக்கலாம். சிக்கல் வாடிக்கையாளர் குறியீட்டில் இருந்தது. கிடங்குக் கணினியில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆறு எழுத்து. லோரிக் கணினியில் அதே வாடிக்கையாளருக்கு நான்கு எண். அந்த எண் ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. மூன்று தொழிற்சாலை வைத்திருப்பவருக்கு மூன்று எண். எது எதற்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த கிராணிப் பெண் கல்யாணமாகிப் போகும்போது பாதியை வாயால் சொல்லிவிட்டுப் போனார். மீதியை நானே தவறு செய்து, திட்டு வாங்கி, மனப்பாடம் செய்தேன். இரண்டு வருடத்தில் எல்லாம் என் தலைக்குள் இருந்தது. ஆறு எழுத்தைப் பார்த்ததும் விரல் தானாக நான்கு எண்ணைத் தட்டும்.

எனக்கு அதில் பெருமை இருந்தது. இதை இப்போது சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் போட்டு, மூன்றாவது வருடம்தான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைத்துக் கடிதம் வந்தது. கோலாலம்பூரில், ஒரு புதன்கிழமை காலை. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவருடைய அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரே ஒரு கிடங்கோடு வியாபாரம் தொடங்கியவர். மகன்தான் லோரிகளை வாங்கிக் கம்பெனியைப் பெரிதாக்கினார். குரலை உயர்த்தாத மனிதர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"புதன்கிழமை ரெண்டு கப்பல் வருதேம்மா."

"ஒரு நாள்தான் பாஸ்."

"ஒரு நாளுக்கு யாரை உட்கார வைப்பேன், நீயே சொல்லு. கஸ்டமர் கோடு நம்பரெல்லாம் யாருக்குத் தெரியும்? உன்னை விட்டா ஆள் இல்ல லா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் என்னைப் பாராட்டுவதுபோல் சொன்னார். நான் அறைக்குத் திரும்பி வந்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், தளவாடச் சாமான் கண்டெய்னர் ஒன்றின் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா மட்டும் கேட்டார். "நீ போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? வேலையை விட்டா தூக்குலயா போட்டுருவாங்க?" என் சம்பளம் அந்த வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு கிடங்குக் கணினி அடிக்கடி நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ஒருவர் வரத் தொடங்கினார். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடையில் நிற்கப் பிடிக்காமல் கணினி படித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் சொந்தமாக நிரல் எழுதும் தொழில் செய்துகொண்டிருந்தார். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். அவர் என்னை சிஸ்டர் என்பார். ஒரு நாள் அவர் மேசைக்கடியில் வயரைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் மேலே வழக்கம்போல் இடம் பார்த்து வலம் தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார்.

"சிஸ்டர், நாள் பூரா இதுதான் செய்றீங்களா?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தை இல்லையே."

"பேச வைக்கலாமே. இதுல உள்ளதை ஒரு டிஸ்க்ல எடுத்து, அதுக்குப் புரியிற மாதிரி மாத்திக் கொடுத்தா அது படிச்சுக்கும். காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. யாரு வேணும்னாலும் டிஸ்க்கை மாத்திப் போடலாம்."

என் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. யார் வேண்டுமானாலும் என்றால் நான் விடுப்பு எடுக்கலாம். அந்த ஒரு எண்ணம்தான் முதலில் வந்தது.

முதலாளி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்றார். பாய் அவரிடம் என்னைப் பற்றி எதுவும் பேசவில்லை. தட்டும்போது ஒரு எண் மாறினால் கண்டெய்னரைத் தேட எத்தனை பேர் அலைகிறார்கள் என்பதை மட்டும் சொன்னார். அது போன மாதம்தான் நடந்திருந்தது. மாற்றித் தட்டியது நான்தான். முதலாளி யோசித்துவிட்டு, "சரி, செய்ங்க" என்றார்.

பாய்க்கு என்னிடமிருந்து ஒன்றுதான் வேண்டியிருந்தது. குறியீட்டுப் பட்டியல். இந்த ஆறு எழுத்துக்கு இந்த நான்கு எண் என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். "உங்க தலையில உள்ளதை இறக்கி வைங்க, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டு வாரம் எழுதினேன். கடிதத்தாள்களில் கோடு போட்டு, இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். எழுத எழுத என்னிடமிருந்து ஏதோ குறைந்துபோவது போலிருந்தது. இத்தனை வருடம் இந்த அறையில் அடைபட்டுக் கிடந்து எனக்கென்று நான் சேர்த்துக்கொண்டது இந்தப் பட்டியல் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் என்னை யார் கேட்பார்கள் என்று தோன்றியது. வெளியே போக வேண்டும் என்று தவித்த அதே ஆள்தான் இதையும் நினைத்தது.

கடைசியில் ஏழு வாடிக்கையாளர்கள் மிஞ்சினார்கள். இவர்களுக்கு எண் சரக்கைப் பொறுத்து மாறும். அவர்களில் ஒரு சாஸ் கம்பெனிக்குக் கண்ணாடிப் புட்டி என்றால் மேரு தொழிற்சாலை, இயந்திரப் பாகம் என்றால் ஷா ஆலாம். இதை எழுதுவது கடினம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கடினமில்லை. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டுச் சரக்கின் பெயரை எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. வெறுமையாக விட்டால் பாய் கேட்பார் என்பதால், ஏழு பேருக்கும் ஆளுக்கு ஓர் எண்ணை மட்டும் போட்டுப் பட்டியலை முடித்தேன். அந்த ஏழையும் நானே கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பட்டியல் முழுதாகத் தெரிந்தது. பாய் அதை வாங்கி, "பிரமாதம் சிஸ்டர்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இணைப்பு வேலை செய்தது. காலையில் டிஸ்க்கை இடப்பக்கக் கணினியில் போட்டு எடுத்து வலப்பக்கத்தில் செருகினால், நான் நண்பகல் வரை தட்டுவது கால் மணி நேரத்தில் உள்ளே போய்விடும். அச்சு இயந்திரம் கரகரவென்று சீட்டுகளைத் துப்பும். ஓட்டுநர்கள் கண்ணாடிச் சதுரத்தில் காத்து நிற்கவில்லை. முதலாளி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் சீட்டுகளைப் புரட்டி, அந்த ஏழு பேருடையதைப் பொறுக்கி எடுத்து, தப்பாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றி அச்சடித்தேன். டிஸ்க் போட யார் இருந்தாலும் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். போதாது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கல்லூரியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை முதலாளி தடுக்கவில்லை. "இப்பத்தான் மிஷின் பாத்துக்குதே, போயிட்டு வாம்மா" என்றார். என் அறையில் டிஸ்க் மாற்ற முன்வாசல் வரவேற்பாளரை உட்கார வைத்தார்கள். மலாய்க்காரப் பெண், நல்ல கவனமான ஆள். தேர்வுக்கு முந்தின நாள் அவரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். ஏழு பேரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், ஏன் பட்டியலில் இல்லை என்ற கேள்வி வரும். வரவிருந்த கப்பல் பட்டியலைப் பார்த்தேன். அந்த ஏழு பேரில் யாருடைய பெயரும் இல்லை. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

நேர்முகத் தேர்வு நன்றாகத்தான் நடந்தது. எதற்கு ஆசிரியராக வேண்டும் என்று கேட்டார்கள். ஏதோ சொன்னேன். ஆனால் மனது முழுவதும் அந்த அறையில்தான் இருந்தது. இப்போது மத்தியான டிஸ்க் போட்டிருப்பார்கள், இப்போது சீட்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் கிள்ளானுக்குத் திரும்பி, சேலையோடு நேராக அலுவலகத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கால் தானாகப் போனது.

வாசலிலேயே தெரிந்துவிட்டது. கப்பல் பட்டியலில் இல்லாத ஒரு கண்டெய்னர், முந்தின கப்பலில் வந்து சுங்கச் சோதனைக்காக நின்றிருந்தது, அன்று காலை விடுபட்டு வந்திருக்கிறது. கண்ணாடிப் புட்டிகள். மேருவில் இருக்கும் சாஸ் தொழிற்சாலைக்குப் போக வேண்டியது. நான் பட்டியலில் போட்டிருந்ததோ ஷா ஆலாம் எண். அந்த ஷா ஆலாம் இடத்தை அவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பு மூடிவிட்டார்கள். அங்கே பங்களாதேஷிலிருந்து புதிதாக வந்த ஒரு காவலாளி மட்டும் இருந்தார், அவருக்கு விவரம் எதுவும் தெரியாது, தொலைபேசியும் இல்லை. லோரி காலை ஒன்பது மணிக்குப் போய், யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று மாலை மூன்று மணி வரை வெயிலில் நின்றிருக்கிறது. மேருவில் புட்டி வராமல் ஓர் உற்பத்தி வரிசை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வரவேற்பாளர் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தான்தான் டிஸ்க்கைத் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்திருந்தார்.

லோரி ஓட்டிய அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பண்டமாரானில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இனிப்பு நீர் வியாதிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். காலையில் ஊசி போட்டுவிட்டு, சரக்கை இறக்கியதும் சாப்பிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். கண்டெய்னரை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதால் கடைக்கும் போகவில்லை. நடுப்பகலில் கை நடுங்கிக் கண் இருட்டிக் கீழே உட்கார்ந்திருக்கிறார். காவலாளி தன்னிடம் இருந்த பிஸ்கட்டையும் பாலில்லாமல் சர்க்கரை போட்ட தே ஓ தேநீரையும் கொடுத்திருக்கிறார். நான் போனபோது முன்வாசல் பெஞ்சில் சாய்ந்திருந்தார். முகம் இன்னும் தெளியவில்லை.

"என்ன ஆச்சுண்ணே?"

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. வெயில்ல நின்னது லா. அந்த பங்களாதேஷ்காரப் பையன் நல்லவன், தே ஓ கொடுத்தான்." பிறகு என் சேலையைப் பார்த்துவிட்டு, "இன்டர்வியூ எப்படி? கிடைச்சிருமா?" என்று கேட்டார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே முதலாளி பாயை வரவழைத்திருந்தார். "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். மிஷினை நம்ப முடியாது. எடுத்துருங்க. பழையபடி இந்தப் பொண்ணே தட்டட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நான் நுழைந்தேன். பாய் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பிழை என்று வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். தன் நிரலில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நம்பிவிட்டது முகத்தில் தெரிந்தது.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இணைப்பைப் பிடுங்கியிருப்பார்கள். எல்லோரும் மிஷினைக் குறை சொல்லியிருப்பார்கள். நான் மறுபடி அந்தச் சுழல் நாற்காலியில், யாராலும் நீக்க முடியாத ஆளாக, காலம் முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஸ்வெட்டரோடு அங்கே உட்கார்ந்திருக்கும் என்னையே ஒரு நிமிடம் மனதில் பார்த்தேன்.

"மிஷின் மேல தப்பு இல்ல பாஸ். டிஸ்க் போட்டவங்க மேலயும் இல்ல. ஏழு பேரோட கோடு நான் சரியா எழுதிக் கொடுக்கல. தெரிஞ்சேதான் விட்டேன்."

பாய் பட்டியலை மேசை மேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் என்னிடம் பேசவும் இல்லை.

முதலாளி கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "எதுக்கு விட்டே?"

"எல்லாத்தையும் கொடுத்துட்டா என்னை எதுக்கு வெச்சிருப்பீங்கன்னு."

வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "எங்கப்பாவும் கிடங்குச் சாவி எது எதுக்குன்னு எங்க யாருக்கும் சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரில படுத்துட்டாரு, அப்பக்கூடச் சொல்லல. பூட்டையெல்லாம் நாங்க உடைச்சோம்." பிறகு எழுந்து போய்விட்டார்.

அன்றே உட்கார்ந்து ஏழையும் எழுதினேன். இன்னொரு கட்டம், அதில் சரக்கின் பெயர். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வரவேற்பாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஓட்டுநர் அண்ணன் வீட்டுக்கு அம்மாவோடு போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அது நியாயம்தான்.

பாய் ஒரு வாரம் கழித்து வந்து நிரலை மாற்றினார். இனி குறியீடு தெரியாவிட்டால் கணினி ஊகிக்காது, நின்று கேட்கும் என்றார். அதற்குப் பிறகு நிஜமாகவே யார் வேண்டுமானாலும் டிஸ்க் போட முடிந்தது.

கல்லூரியிலிருந்து பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருந்தது. யாராவது வராமல் போனால் கூப்பிடுவார்கள். யாரும் வராமல் போகவில்லை.

அடுத்த எட்டு மாதம்தான் அந்த அறையில் எனக்கு மிகக் கடினமான காலம். முன்பாவது கை ஓயாமல் வேலை இருந்தது. இப்போது காலையில் கால் மணி நேரம், மத்தியானம் கால் மணி நேரம். நடுவில் குளிர், இரண்டு திரைகள், மினுக்கும் பச்சை எழுத்து. போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். போக ஓர் இடம் இல்லை. வீட்டில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கும் பார்த்தார்கள், எதுவும் அமையவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், மாடிப்படி ஏறி, பாயின் அறைக் கதவைத் தட்டினேன். அவரிடம் வேலை கேட்டேன்.

"உங்களை நம்பி எப்படி சிஸ்டர்?" என்று நேராகவே கேட்டார்.

"உங்க நிரல் எங்க இடறும்னு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஆபீஸ்லயும் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பா. அவகிட்ட எப்படிக் கேக்கணும்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. தேநீர் வரவழைத்தார். குடித்து முடித்த பிறகு, அடுத்த மாதம் முதல் வரச் சொன்னார்.

ராஜினாமாக் கடிதத்தை முதலாளி தொலைபேசிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டு மூன்று வாரம் கையெழுத்துப் போடவில்லை. கேட்டால், பார்க்கலாம் என்பார். பாயிடம் போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவர் யார் யாரிடமோ தொலைபேசியில் பேசினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இங்க உனக்கு என்னம்மா குறை?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அந்தக் குளிரையும், அந்தக் கண்ணாடிச் சதுரத்தையும், மற்றவர்களுக்குத் தேவைப்படுவதே எனக்குப் பூட்டாகிப்போனதையும் அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல பாஸ்" என்றேன்.

அப்போதே கிளம்பி வெளியே வந்தபோது மணி மூன்று. அந்த ரோட்டை அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. வெயில் தார் மேல் பளபளத்தது. லோரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் வரும் வரை நிழல் தேடாமல் வெயிலிலேயே நின்றேன். கைகள் மெதுவாகச் சூடேறின.